படித்தவர்கள் ஊருக்குள் இத்தனை பேர் இருக்க, வார்டில் ஏன் ஒரே ஒரு சிஸ்டர்?

ஆலங்குளம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அம்மாவைப் பத்து நாள் அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். ராத்திரியில் அவ்வளவு பெரிய வார்டுக்கு ஒரே ஒரு சிஸ்டர். அவங்களைக் குறை சொல்லவில்லை, ஓடிக்கொண்டேதான் இருந்தாங்க. ஆனால் எங்க தெருவிலேயே நர்சிங் முடித்தவர்கள் நாலு பேர் வேலையில்லாமல் இருக்கிறார்கள். என் தங்கச்சியும் கடைசி வருடம் படிக்கிறாள். ஒரு ஆஸ்பத்திரிக்கு எத்தனை நர்ஸ் வேண்டும் என்று யார், எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்? தங்கச்சிக்கு இங்கே வேலை கிடைக்குமா?"

தம்பி, நான் அரசு மருத்துவமனைகளில் செவிலியராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள். வருடக்கணக்கில் டூட்டி லிஸ்ட் போட்டிருக்கிறேன். அதனால் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். பற்றாக்குறையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

ஒரு படுக்கைக்கு அருகே 24 மணி நேரமும் ஒரு நர்ஸ் நிற்க வேண்டும் என்றால் எத்தனை பேரைச் சம்பளப் பட்டியலில் வைத்திருக்க வேண்டும்? மூன்று ஷிப்ட், மூன்று பேர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கோப்பில் கையெழுத்துப் போடுகிறவர்கள் பலரும் அப்படியே நினைக்கிறார்கள். வருடத்துக்கு 365 நாள். வார விடுப்பு 52, தற்செயல் விடுப்பு 12, ஈட்டிய விடுப்பு 30, பண்டிகை நாளில் வேலை பார்த்ததற்கு ஈடாக எடுப்பதும் உடம்புக்கு முடியாத நாட்களும் சேர்த்து ஒரு 21. இவற்றைக் கழித்தால் ஒருவர் வேலைக்கு வரக்கூடிய நாள் 250. நாளுக்கு எட்டு மணி நேரம் என்றால் 2,000 மணி நேரம். ஆனால் வருடத்துக்கு மொத்தம் 8,760 மணி நேரம் இருக்கிறது. வகுத்துப் பாருங்கள், 4.38 வரும். ஒரு நர்ஸ் எப்போதும் இருக்க வேண்டும் என்றால் நாலரைப் பேர் வேண்டும். மூன்று பேர் போதாது.

இதை மனதில் வைத்துக்கொண்டு விதிமுறைக்கு வாருங்கள். 1990களின் தொடக்கத்தில் மத்திய அரசின் பணியாளர் ஆய்வுப் பிரிவு வகுத்த அளவுகோலில் பொது வார்டுக்கு ஆறு நோயாளிக்கு ஒரு நர்ஸ், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்கு ஒருவர். அதோடு, விடுப்புகளை ஈடுகட்ட 45 சதவீதம் கூடுதல் பணியிடம் வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. இந்த 45ஐ நம் கணக்கோடு ஒப்பிடுங்கள். 365ஐ 250ஆல் வகுங்கள், 1.46. மேலே நான் சொன்ன கணக்கோடு அநேகமாகப் பொருந்துகிறது. இந்திய நர்சிங் கவுன்சிலும் தன் பங்குக்கு விடுப்பை ஈடுகட்ட 30 சதவீதம் கூடுதல் ஆள் வேண்டும் என்கிறது.

இனி 30 படுக்கை வார்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆறுக்கு ஒன்று என்பதை ஒவ்வொரு ஷிப்டுக்கும் என்று படித்தால், எந்த நேரமும் ஐந்து பேர் வார்டில் இருக்க வேண்டும். ஐந்தை மூன்றால் பெருக்கி 1.46ஆல் பெருக்கினால் 22 பணியிடம். அதே விதியை "வார்டுக்கு மொத்தம் ஐந்து பணியிடம்" என்று படித்தால்? அந்த ஐந்து பேரும் தங்கள் 250 நாளும் தவறாமல் உழைத்தாலும், ஷிப்டுக்கு ஒருவர்தான் மிஞ்சுவார். முப்பது பேருக்கு ஒருவர். உங்கள் அம்மா இருந்த வார்டில் நீங்கள் பார்த்தது இதுதான். காகிதத்தில் விதி மீறப்படவில்லை, பணியிடமும் காலி இல்லை. படித்த விதம்தான் வேறு. இந்த ஒரு விஷயத்தைப் புரிய வைக்க நான் எத்தனையோ கூட்டங்களில் வாய் வலிக்கப் பேசியிருக்கிறேன்.

இரவுக்கு ஆள் குறைத்தாலும் கணக்கு இவ்வளவு கீழே வராது. காலையில் ஐந்து, மதியம் நாலு, இரவு மூன்று என்று வைத்தால்கூட வருடத்துக்கு 4,380 ஷிப்ட். 250ஆல் வகுத்தால் 18 பேர் வேண்டும்.

அடுத்த பிசகு, படுக்கையை எண்ணுவது. அனுமதிக்கப்பட்ட படுக்கை 30 என்றால் பணியிடமும் 30 படுக்கைக்குத்தான். ஐப்பசி, கார்த்திகையில் காய்ச்சல் வார்டுக்குப் போய்ப் பாருங்கள். கட்டிலுக்கு நடுவில் பாய், வராண்டாவில் பாய். 2012இல் கடையநல்லூர் வட்டாரத்தில் டெங்கு பரவியதை இந்தப் பக்கத்து ஜனங்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பாயில் படுத்திருப்பவருக்கும் டிரிப் ஓடுகிறது, பிளேட்லெட் பார்க்க வேண்டியிருக்கிறது. குனிந்து, தரையில் உட்கார்ந்து ஊசி போட்டுவிட்டு எழ, கட்டிலில் இருப்பவரைவிட நேரம் கூடுதலாகவே ஆகும். ஆனால் பணியிடக் கணக்கில் பாய் வராது. நள்ளிரவில் ஒவ்வொரு வார்டிலும் சென்சஸ் எழுதுகிறோம், அன்றைக்கு எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்று. அந்தப் பதிவேடு ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் வருடக்கணக்கில் இருக்கிறது. பணியிடம் கேட்டுக் கோப்பு போகும்போது அந்த எண்ணிக்கை கூடவே போக வேண்டும்.

சென்சஸிலும் தெரியாத ஒன்று உண்டு. முன்பு ஒரு குடலிறக்க ஆபரேஷனுக்கு ஒரு வாரமாவது படுத்திருப்பார்கள். இப்போது இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்புகிறோம். நோயாளிக்கு நல்லதுதான். ஆனால் அதே கட்டிலில் மாதத்துக்கு நாலு பேர் இருந்த இடத்தில் பத்துப் பேர் வந்து போகிறார்கள். நர்சுக்கு அதிக நேரம் பிடிப்பது அட்மிஷனும் டிஸ்சார்ஜும்தான். கேஸ் ஷீட் திறப்பது, அலர்ஜி கேட்பது, முதல் டோஸ் கொடுப்பது, காப்பீட்டுத் திட்டத்துக்கான காகிதம், வீட்டில் மாத்திரையை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்லி அனுப்புவது. படுக்கை எண்ணிக்கை மாறாமலேயே வேலை இரண்டு மடங்காகிவிடும்.

நோயாளிகள் அடிக்கடி கோபித்துக்கொள்ளும் ஒரு விஷயத்தை வைத்துச் சொல்கிறேன். "விடியக்காலம் நாலு மணிக்கே எழுப்பி பி.பி. பார்க்கிறாங்க, தூங்க விட மாட்டேங்கிறாங்க" என்பார்கள். உங்கள் அம்மாவும் சொல்லியிருப்பார்கள். வார்டில் 44 பேர் என்று வையுங்கள். காய்ச்சல், நாடி, பி.பி., மூச்சு பார்த்து எழுதி, கையைக் கழுவிவிட்டு அடுத்தவரிடம் போக ஒருவருக்கு நாலு நிமிடம். மொத்தம் 176 நிமிடம், ஏறக்குறைய மூன்று மணி நேரம். ஏழு மணிக்கு அடுத்த ஷிப்டிடம் ஒப்படைக்கும் ஹேண்டிங் ஓவர் என்றால் நாலு மணிக்குத் தொடங்கியே ஆக வேண்டும். அதற்குள் ரத்த மாதிரி எடுக்க வேண்டும், சர்க்கரைக்காரர்களுக்கு இன்சுலின் போட வேண்டும், ஆபரேஷனுக்குப் போகிறவர்களைத் தயார் செய்ய வேண்டும். ஒருவருக்கு மூச்சு வாங்கினால் மீதி 43 பேரின் வேலையும் நிற்கும். அந்த நேரத்தில் பி.பி. பார்க்காமலேயே முந்தைய எண்ணை எழுதிவிட்டுப் போகும் ஆபத்து இருக்கிறது. பயந்து பயந்துதான் அந்த மூன்று மணி நேரத்தைக் கடத்துவோம்.

அந்தப் பயத்துக்கு ஆதாரம் உண்டு. 2002இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில மருத்துவமனைகளை ஆராய்ந்த லிண்டா எய்க்கன் குழு, ஒரு நர்சின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போதெல்லாம், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்று கண்டது. பின்னர் 2014இல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் பார்த்தபோதும் அதே 7 சதவீதம் வந்தது. கலிபோர்னியாவில் 1999இல் சட்டமே போட்டு, 2004 முதல் நடைமுறைப்படுத்தினார்கள். பொது வார்டில் ஒரு நர்சுக்கு இத்தனை நோயாளிக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று. இப்போது அங்கே அது ஐந்து. அவர்கள் பேசுவது நாலா, ஆறா, எட்டா என்று. நாம் பேசுவது முப்பதா, நாற்பதா என்று.

பெரியாஸ்பத்திரியைவிட எனக்குக் கவலை தருவது ஆரம்ப சுகாதார நிலையங்கள். 24 மணி நேரமும் பிரசவம் பார்க்க வேண்டும் என்பதற்காகத் தமிழ்நாட்டில் நிலையத்துக்கு மூன்று நர்ஸ் என்று நியமித்தார்கள். அருமையான திட்டம். வீட்டுப் பிரசவம் நம் பக்கம் அநேகமாக இல்லாமல் போனதில் அந்த மூன்று பேருக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் 8,760 மணி நேரத்தை மூன்றால் வகுத்தால் ஆளுக்கு 2,920. இருக்க வேண்டியது 2,000. ஒவ்வொருவரும் வருடத்துக்கு 920 மணி நேரம், அதாவது 115 நாள் வேலை, கூடுதலாகச் செய்கிறார்கள். இது மூவரும் இருக்கும்போது. ஒருவர் பிரசவ விடுப்பில் போனால் இருவர். அதில் ஒருவரைத் தாலுகா ஆஸ்பத்திரிக்கு மாற்றுப்பணியில் அனுப்பினால், மிச்சம் ஒருவர். ராதாபுரம் கடலோரத்திலோ மலையடிவாரத்திலோ இருக்கிற நிலையத்தில் ராத்திரி ஒரு பிள்ளைத்தாய்ச்சி வலியோடு வந்து நிற்கும்போது, அங்கே ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதை அந்த ஒருவரின் உடம்புதான் தீர்மானிக்கும்.

பிரசவ விடுப்பைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். தமிழக அரசு ஊழியர்களுக்கு 2011இல் ஆறு மாதம், 2016இல் ஒன்பது மாதம், 2021 ஜூலை முதல் பன்னிரண்டு மாதம். ஒவ்வொன்றும் பெண்கள் கேட்டுப் பெற்ற நல்ல உரிமை. அதைக் குறை சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. என் கோபம், விடுப்பு இரண்டு மடங்கானபோது அதை ஈடுகட்டும் இருப்புப் பணியிடம் அதே வேகத்தில் கூடவில்லை என்பதில்தான். செவிலியர்களில் பெரும்பாலோர் பெண்கள், சேரும்போது இருபதுகளில் இருப்பவர்கள். இருபது பேர் உள்ள இடத்தில் எந்த வருடமும் ஒன்றிரண்டு பேர் பிரசவ விடுப்பில் இருப்பார்கள் என்று முன்கூட்டியே தெரியும். தெரிந்த விஷயத்துக்கு ஏற்பாடு செய்யாமல் விட்டுவிட்டு, அந்தப் பெண் விடுப்பு கேட்டு வரும்போது முகம் சுளிக்கிறார்கள். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், விடுப்பு விண்ணப்பத்தைக் கொடுக்கவே பயந்து எட்டாவது மாதம்வரை நைட் டூட்டி பார்த்த பிள்ளை உண்டு.

ஓய்வு பெறுவதும் அப்படித்தான், பணிப்பதிவேட்டில் பிறந்த தேதி இருக்கிறது. 2020இல் ஓய்வு வயதை 59 ஆக்கினார்கள், 2021இல் 60. அந்த இரண்டு வருடம் வழக்கமான ஓய்வு தள்ளிப்போனது, பிறகு மறுபடி தொடங்கியது. பத்து வருடத்துக்கு எந்த மாதம் எந்த இடம் காலியாகும் என்று இன்றைக்கே உட்கார்ந்து எழுதிவிடலாம்.

இனி உங்கள் தெருவில் இருக்கும் அந்த நாலு பேர். நெல்லைச் சீமையில் பெண்கள் படிப்பு வெகுகாலத்துக்கு முன்பே வேரூன்றியது. நர்சிங்கை மதிப்பான வேலையாகப் பார்த்து மகளை அனுப்பிய குடும்பங்களும் இங்கே அதிகம். தனியார் கல்லூரிகளும் சுற்றிலும் இருக்கின்றன. ஆகவே படித்தவர்களுக்குக் குறைவில்லை. படித்தவர் ஒருவர் அரசு வார்டில் வந்து நிற்பதற்குள் நடக்க வேண்டியவைதான் நீளம். முதலில் பணியிடம் உருவாக வேண்டும், அதற்கு நிதித்துறை ஒப்புக்கொண்டு அரசாணை வர வேண்டும். பிறகு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், எல்லோரும் எம்.ஆர்.பி. என்பது, தேர்வு நடத்த வேண்டும். பிறகு கலந்தாய்வு. இதில் முதல் படி நகராவிட்டால், கல்லூரியிலிருந்து எத்தனை பேர் வெளியே வந்தாலும் வார்டில் ஒருவர்கூடக் கூடுவதில்லை.

2012இல் எம்.ஆர்.பி. வந்தது. 2015இல் தேர்வு வைத்து ஆயிரக்கணக்கான செவிலியர்களை எடுத்தார்கள். மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம், அதாவது படிகள் இல்லாத மொத்தச் சம்பளம்; இரண்டு வருடத்தில் நிரந்தர ஊழியருக்கான காலமுறை ஊதியம் என்ற எதிர்பார்ப்பு. அது நடக்காமல் 2017 நவம்பரில் சென்னையில் டி.எம்.எஸ். எனும் மருத்துவப் பணிகள் இயக்குநரக வளாகத்தில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். பிறகுதான் தொகுப்பூதியம் 14,000 ஆனது. இதற்கு நடுவில், 2016இல், உச்ச நீதிமன்றம் சொல்லி அமைத்த குழு, 50 படுக்கைக்கும் குறைந்த தனியார் ஆஸ்பத்திரிகூட நர்சுக்கு 20,000 ரூபாய்க்குக் குறைத்துக் கொடுக்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வளைகுடா, இங்கிலாந்து, ஜெர்மனி, அயர்லாந்து எல்லாம் நம் பிள்ளைகளைக் கூப்பிடுகின்றன. அயல்நாட்டு வேலைக்கு ஆள் அனுப்பத் தமிழக அரசே 1978 முதல் ஒரு நிறுவனம் நடத்துகிறது. போகிறவர்களை நான் தடுக்க மாட்டேன். குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய பணம் அது. ஆனால் திட்டம் போடுகிறவர்கள் "இத்தனை பேர் படித்து வருகிறார்கள்" என்று எழுதும்போது, அதில் எத்தனை பேர் இங்கே இருப்பார்கள் என்றும் எழுத வேண்டும். அந்த இரண்டாவது எண்ணைத் தீர்மானிப்பது இங்கே கொடுக்கும் சம்பளமும் வேலை நிரந்தரமும்தான்.

எங்கே ஆள் போடுவது என்பதும் தனிக் கேள்வி. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் இருக்கும் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குத் தன் மாவட்டம் மட்டும் அல்ல, தென்காசியிலிருந்தும் கேஸ் வருகிறது. 2019இல் தென்காசி தனி மாவட்டமானது, ஆனால் அங்கே அரசு மருத்துவக் கல்லூரி இல்லை. செங்கோட்டையில் விபத்து நடந்தாலும் கடைசியில் 108 இங்கேதான் வரும். அதனால் பெரியாஸ்பத்திரியின் தேவையை மாவட்ட மக்கள்தொகையை வைத்துக் கணக்கிட்டால் தப்பாகிவிடும். அதே சமயம் தென்காசி, அம்பாசமுத்திரம், வள்ளியூர் ஆஸ்பத்திரிகளில் இரவில் நர்ஸ் போதுமான அளவு இருந்தால், பாதி கேசை இங்கே அனுப்ப வேண்டியதில்லை. அங்கே ஒருவரைக் கூட்டுவது இங்கே பாரத்தைக் குறைக்கும். இதைப் பார்க்காமல் ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் தனித்தனியாகக் கோப்பு அனுப்புகிறது.

கலந்தாய்வில் பாளையங்கோட்டை இடங்கள் கண்மூடித் திறப்பதற்குள் நிரம்பும். ஓரத்து நிலையங்கள் நிரம்பாது. பஸ் இல்லாத ஊரில், குவார்ட்டர்ஸ் ஒழுகும் இடத்தில், சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு பெண் எப்படி நைட் டூட்டி பார்ப்பாள்? நல்ல குவார்ட்டர்ஸ் கட்டுவதும் ஆள் திட்டத்தின் பகுதிதான். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி திருநெல்வேலி ஊருக்குள் புகுந்தபோது இது எல்லோருக்கும் உறைத்திருக்க வேண்டும். டவுன், பேட்டையில் குடியிருக்கும் நர்ஸ் ஆற்றைத் தாண்டித்தான் பாளையங்கோட்டைக்கு வர வேண்டும். அடுத்த ஷிப்டுக்கான ரிலீவர் வராமல் டூட்டியில் இருப்பவர் வார்டை விட்டு இறங்க முடியாது. ஆஸ்பத்திரிக்கு நடக்கும் தூரத்தில் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்ற பட்டியல் ஒவ்வொரு கண்காணிப்பாளர் மேஜையிலும் இருக்க வேண்டும்.

சரி, எப்படிக் கணக்குப் போடலாம்? உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய ஒரு முறை இருக்கிறது, விஸ்ன் என்பார்கள். ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம், வருடத்துக்கு எத்தனை முறை, ஒருவரிடம் கிடைக்கும் நேரம் எவ்வளவு என்று மணிக்கணக்கில் போவது. அதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. காலி இடத்தை மட்டும் பார்க்காமல், இருப்பவர்களைத் தேவைப்படுபவர்களால் வகுக்கச் சொல்கிறது. 25 பேர் வேண்டிய இடத்தில் 20 பேர் என்றால் 0.8. ஐந்து பேர் வேண்டிய சுகாதார நிலையத்தில் மூன்று பேர் என்றால் 0.6. முதல் இடத்தில் குறைவது ஐந்து, இரண்டாவதில் குறைவது இரண்டுதான். ஆனால் நெருக்கடி இரண்டாவது இடத்தில். புதிதாக ஒரு நர்ஸ் கிடைத்தால் முதலில் அங்கே அனுப்ப வேண்டும். நடப்பதோ பெரும்பாலும் தலைகீழாக.

இன்னொன்று, இருப்பவர்களின் நேரத்தை மீட்பது. கணினியில் பதிவது, மருந்து கேட்டு இண்டென்ட் எழுதுவது, துணி எண்ணுவது, காப்பீட்டுக் காகிதம். இவற்றுக்கு வார்டுக்கு ஒரு பதிவாளர் இருந்தால் ஷிப்டுக்கு ஒன்றிரண்டு மணி நேரம் நோயாளிக்குத் திரும்பக் கிடைக்கும். புதுக் கட்டடம் திறக்கும்போது பணியிட அரசாணையும் கூடவே வர வேண்டும், இல்லையென்றால் பழைய வார்டிலிருந்து ஆளைப் பிய்த்துத்தான் புது ஐ.சி.யூ. நடக்கும். பி.எஸ்சி. நான்கு வருடம், டிப்ளமோ மூன்று. அதற்குமேல் வென்டிலேட்டரைத் தனியாகப் பார்க்கப் பழக இன்னொரு வருடமாவது வேண்டும். இன்றைக்கு அடிக்கல் நாட்டும் ஐ.சி.யூ.வுக்கு இன்றைக்கே ஆள் தேட வேண்டும்.

தங்கச்சிக்கு: படிப்பை முடித்ததும் தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் பதிவை முடித்துவிடச் சொல்லுங்கள். எம்.ஆர்.பி. அறிவிப்பு வரும்போது எழுதட்டும். தொகுப்பூதியத்தில் ஆரம்பிக்க நேரலாம், முதல் இடம் வடக்கே எங்கோ கிடைக்கலாம் என்பதை வீட்டில் இப்போதே பேசி வையுங்கள். அறிவிப்புக்காகக் காத்திருக்கும் காலத்தில் சும்மா இருக்க வேண்டாம். ஐ.சி.யூ., டயாலிசிஸ், குழந்தைகள் பிரிவு இவற்றில் ஏதாவது ஒன்றில் கை பழகட்டும், அது எங்கே போனாலும் நிற்கும்.

நீங்கள் ஏதாவது செய்ய நினைத்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் செலவில் ஒரு மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். "எத்தனை காலிப் பணியிடம்?" என்று மட்டும் கேட்டால் "இல்லை" என்று வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அனுமதிக்கப்பட்ட பணியிடம், அதில் உண்மையில் அங்கே வேலை பார்ப்பவர்கள், மாற்றுப்பணியில் வெளியே போனவர்கள், பிரசவ விடுப்பில் இருப்பவர்கள் என்று தனித்தனியாகக் கேளுங்கள். அதோடு வார்டு வாரியாக நள்ளிரவு சென்சஸ், ஒரு நாளுக்கு மட்டும் அல்ல, அக்டோபரிலிருந்து டிசம்பர் வரைக்கும்.